ரூத்துக்கு ஊற்றிய தண்ணீர்

இந்த நோட்டைக் கையில் எடுத்தவர் யாராக இருந்தாலும் கும்பிட்டுக் கேட்கிறேன். மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். பெரியப்பாவுக்குக் கட்டாயம் வேண்டாம். அம்மாவுக்கும் வேண்டாம். அவளுக்கு எல்லாம் தெரியும். ஆனால் நான் எழுதி வைத்திருக்கிறேன் என்று தெரிந்தால் பயந்துபோவாள்.

ஜூலை 22, செவ்வாய்

ஆடிக் காற்று. கூரைத் தகரம் ஓயாமல் அடித்துக்கொள்கிறது. நல்லதுதான், தாள் திருப்புகிற சத்தம் வெளியே கேட்காது.

நாளை அக்கவுண்டன்சி டெஸ்ட். தேய்மானக் கணக்கு இன்னும் பிடிபடவில்லை. யூனிபார்ம் காயவில்லை, ஃபேனுக்குக் கீழே போட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை நடந்ததை எழுதிவிட்டால் தூக்கம் வரும் என்று நினைக்கிறேன்.

சுனிதா அக்கா எங்கள் லைன் வீட்டில் கடைசி ரூம். ஜார்க்கண்ட்காரி. அம்மா செக்கிங் பார்க்கிற அதே பனியன் கம்பெனியில் கைமடி, அதாவது டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுக்கிற வேலை. அவர்களும் கிறிஸ்தவர்கள்தான், ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சுக்குத்தான் வருவாள். அவளுக்குப் பிள்ளை மாதம் முந்திப் பிறந்தது. பெண். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டியில் இருந்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தது. என் உள்ளங்கையில் தலை அடங்கிவிடும். போதகர் மாதக் கடைசி ஞாயிறுதான் வருவார், நிறைய சர்ச்சுகளுக்கு அவர் ஒருவரே. அன்றைக்கு ஞானஸ்நானம் என்று பேச்சு.

சனி மத்தியானம் பக்கத்து ரூம் பேச்சியக்கா கத்தினாள். அவளுக்கு ஊர் சிவகாசிப் பக்கம். "ஏ ஜெனி! ஒங்கம்ம வந்துட்டாளா? அந்தப் பச்சப்புள்ள ஒருமாதிரி இழுக்கு, ஓடியா!"

அம்மா கம்பெனியில். உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள். சுனிதா அக்கா வீட்டுக்காரர் சாயப்பட்டறையில், அங்கேயும் அதே கதை. பேச்சியக்கா ஆட்டோ பிடிக்க ரோட்டுக்கு ஓடினாள். ரூமில் நானும் அக்காவும் மட்டும்.

பிள்ளையின் உதடு நீலம். மூச்சு விட்டு விட்டு. சுனிதா அக்கா அழவில்லை. "தீதி?" என்றாள். அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவாள். இல்லை என்றேன். என்னையே பார்த்தாள். "நீ குடு. யேசு பேர்ல தண்ணி. ஜல்தி, ஜெனி."

திருவிருந்து வாங்கும் முன் நடக்கிற திடப்படுத்தல் வகுப்பில் போதகர் சொல்லிக்கொடுத்ததுதான். உயிர் போகிற நேரம், போதகர் வர வழியில்லை என்றால், எந்த விசுவாசியும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தண்ணீர் வேண்டும். மூன்று நாமமும் சொல்ல வேண்டும். தேர்வில் இந்தக் கேள்வி வந்தது, முழு மார்க் வாங்கினேன்.

வெளியே டிரம்மில் உப்புத் தண்ணீர்தான். பிளாஸ்டிக் மக்கில் மொண்டேன். மக்கில் சோப்பு ஒட்டியிருந்தது, சுடிதாரில் துடைத்தேன். பேர் என்ன என்று கேட்டேன். பேர் இன்னும் வைக்கவில்லையாம். "நீ சொல்லு." வாயில் வந்தது ரூத். ஏன் என்று தெரியாது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. மூன்று தடவை ஊற்றினேன். மூன்றாவது தடவை நிறைய விழுந்துவிட்டது, கண்ணில். பிள்ளை கண்ணைச் சுருக்கியது. பார்த்தேன். உயிர் இருந்தது.

பல்லடம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே, ஆட்டோவில் போய்விட்டது.

சுனிதா அக்கா ஏன் தானே ஊற்றவில்லை என்று இப்போது யோசிக்கிறேன். அவளுடைய இரண்டு கையிலும் பிள்ளை இருந்தது.

ஜூலை 23, புதன்

டெஸ்ட் மோசம். நல்ல தண்ணீர் வந்தது, ஒரு வழியாக. குழாயில் சண்டை.

நேற்று எழுதாமல் விட்டது. சனி சாயங்காலம் அம்மா கம்பெனியிலிருந்து வந்த வேகத்தில், தலையில் நூல் பிசிறோடு, என்னையும் கூட்டிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனாள். பெ. என்று எழுதுகிறேன், முழுசாக எழுதக் கை வரவில்லை. பெ. அப்பாவுடைய அண்ணன். சபைக் கமிட்டிச் செயலாளர். கல்லறைத் தோட்டத்துச் சாவி அவரிடம்தான்.

"மாமா, நம்ம தோட்டத்துல ஒரு ஓரமா எடம் குடுங்க."

"ஞானஸ்நானம் ஆகாத புள்ளைய எப்படி அம்முணி வெக்கிறது? சபைக்குன்னு ரூலு இருக்குதில்ல?"

"ஆயிருச்சுங்க."

"யாரு குடுத்தது?"

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "நாந்தானுங்க. சாப்பாட்டு நேரத்துல ஊட்டுக்கு வந்திருந்தேன்."

கம்பெனியிலிருந்து வந்ததுமே அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவள் அன்றைக்கு மத்தியானம் வீட்டுக்கு வரவே இல்லை.

பெ. டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "பொம்பளையா?" அப்புறம், "சரி. பொணத்த வெச்சுட்டுப் பேசக் கூடாது. நாளைக்கு அடக்கம் பண்ணீரலாம். மத்தது பாஸ்டர் வரட்டும், அப்ப இருக்குது."

வழியில் ஏனம்மா என்றேன். "உன்ற பேரச் சொன்னா சின்னப்புள்ள வெளையாட்டும்பாங்க. அந்தப் புள்ளைக்குக் குழி கெடைக்காது. நீ வாயத் தொறக்காத கண்ணு."

ஞாயிறு அடக்கம். அப்பா லோடு வண்டியில் கிடந்த பெட்டிப் பலகையை அறுத்துச் சின்னதாக ஒரு சிலுவை செய்தார். வெள்ளைப் பெயிண்டில் ரூத் என்று நான்தான் எழுதினேன்.

ஜூலை 24, வியாழன்

காற்று. மின்சாரம் இல்லை. போன் டார்ச்சில்.

இதில் அம்மாவுக்கு என்ன போகும் என்பதை எழுத வேண்டும். எழுதினால்தான் எனக்கே உறைக்கும்.

போதகர் வராத ஞாயிறுகளில் ஆராதனை நடத்துகிறவர் உபதேசியார். பழைய உபதேசியார் மகன் வீட்டோடு போய்விட்டார். அதிலிருந்து அம்மாதான் எல்லாம். ஜெபம், பிரசங்கம், ஆஸ்பத்திரி, சாவு வீடு. வடக்கத்தி ஆட்கள் சர்ச்சுக்கு வர ஆரம்பித்ததே அம்மாவால்தான், ரூம் ரூமாகப் போய் உட்காருவாள். ஆனால் பேர் கிடையாது. பிரசங்க பீடத்தில் ஏற மாட்டாள். கீழே ஹார்மோனிய மேசைக்குப் பக்கத்தில் நின்றுதான் பேசுவாள். யாரும் ஏறக் கூடாது என்று சொல்லவில்லை. ஏறச் சொல்லவும் இல்லை.

இந்த ஞாயிறு கமிட்டியில் அம்மாவை உபதேசியாராகப் போடுவதாக இருந்தது. எங்கள் சர்ச்சில் ஒரு பெண்ணை இதுவரை போட்டதில்லை. அம்மா இதற்காக ஒரு வெள்ளைச் சேலை எடுத்து வைத்திருக்கிறாள். எங்களிடம் சொல்லவில்லை. பீரோவில் நானாகப் பார்த்தேன்.

ஜூலை 25, வெள்ளி

பெ. வந்தார், அம்மாவிடம் பேச. நான் ரூமைப் பிரிக்கிற மறைப்புச் சேலைக்குப் பின்னால், புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு. ஒரு எழுத்தும் ஓடவில்லை.

"எஸ்தரு, நாஞ் சொல்றதக் கேளு. பாஸ்டர் வந்ததும், தெரியாம பண்ணீட்டேன், தப்புதான்னு சபை முன்னால ஒரு வார்த்த சொல்லீரு. வேலைக்கு நானே மொதக் கையத் தூக்கறேன்."

"தப்புன்னு சொல்லீட்டா அந்தப் புள்ளைக்கு ஊத்துன தண்ணி என்னாகுமுங்க?"

"செல்லாது. அவ்வளவுதான். செத்த புள்ளைக்கு என்ன ஆயிரப் போகுது?"

"சுனிதாவுக்கு ஆகுமுங்க."

பெ. அப்பாவிடம் திரும்பினார். "ஏன்டா, உன்ற பொண்டாட்டிக்குச் சொல்ல மாட்டியா? வெள்ளகோவில்ல ஒரு தம்பி இருக்கறான். பைபிள் காலேஜ் முடிச்சிருக்கறான். ஒரு போன் போட்டா வந்துருவான்."

அப்பா டீ டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தார். "அவ இஷ்டமுங்கண்ணா." அவ்வளவுதான் பேசினார். அவர் அண்ணன் முன்னால் அவ்வளவு பேசியே நான் பார்த்ததில்லை.

பெ. போன பிறகு அம்மா ரசத்துக்குப் பூண்டு தட்டினாள். ரொம்ப நேரம் தட்டினாள்.

நான் உண்மையைச் சொன்னால் அம்மா மேல் குற்றம் இல்லை. அவளுக்கு வேலை கிடைக்கும். ஆனால் ரூத்துக்குக் கிடைத்தது இல்லாமல் போகும். சொல்லாமல் இருந்தால் ரூத்துக்கு உண்டு, அம்மாவுக்கு இல்லை. இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்தாயிற்று. யாரிடம் கேட்பது?

ஜூலை 26, சனி

அம்மாவோடு சர்ச் கூட்டப் போனேன். எல்லாச் சனிக்கிழமையும் பெண்கள்தான் கூட்டுவோம். அம்மா பீடத்தில் ஏறி மேலே துடைத்தாள், குழல்விளக்கு ஒட்டடை எடுத்தாள், விரிப்பு மாற்றினாள். கூட்டுவதற்கு ஏறலாம்.

துடைத்த துணி அலசுகிற இடத்தில் பெண்கள் பேச்சு:

"நாளைக்குக் கறிச்சோறு கமிட்டி செலவுல. ஆம்பளைங்க பந்தி மொதல்ல."

"பரலோகத்துலயும் இவிங்களுக்குத்தான் மொதப் பந்தியாக்கும்?"

"அங்க சமைக்கறது யாருன்னு கேளு மொதல்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும். நான் சிரித்துவிட்டு உடனே அழுகை வந்து, தூசி என்று சொன்னேன்.

சாயங்காலம் சுனிதா அக்காவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். காய்ச்சல். பால் கட்டிக்கொண்டு வலி, துப்பட்டாவை இறுக்கிக் கட்டியிருந்தாள். பேச்சியக்கா முட்டைக்கோஸ் இலை வைத்துக் கட்டச் சொன்னாளாம். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

என் கையைப் பிடித்து மெதுவாக: "ரூத் அச்சா நாம். பாப்பா யேசு கிட்ட இருக்கு. நீ தண்ணி குடுத்தே இல்ல. அதுதான் நான் சாப்பிடுது."

நல்ல பேர் என்கிறாள், தன்னால் சாப்பிட முடிகிறதே அந்தத் தண்ணீரால்தான் என்கிறாள். அம்மா பொய் சொன்னது அவளுக்குத் தெரியாது. சர்ச்சில் பிரச்சினை என்பதே தெரியாது.

ஜூலை 27, ஞாயிறு

முடிந்துவிட்டது. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஆராதனை முடிந்து கமிட்டி, சர்ச்சுக்குள்ளேயே. ஆண்கள் நாற்காலியில். பெண்கள் இருந்து கேட்கலாம் என்றார்கள், பாயில். சுனிதா அக்கா வரவில்லை, காய்ச்சல் விடவில்லை. அம்மா வெள்ளைச் சேலை கட்டவில்லை, பழைய ஊதா. முன்னால் நின்றாள்.

போதகர் நல்லவிதமாகத்தான் கேட்டார். "எப்படி நடந்ததுன்னு நீங்களே சொல்லுங்கம்மா." அம்மா நான் சொன்னதையே தான் செய்ததாகச் சொன்னாள். எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்தது. ஒருவர் கேட்டார்: "என்ன தண்ணிங்க?"

"நல்ல தண்ணிதானுங்க. சொம்புல."

இதை மட்டும் நான் அவளுக்குச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஞானஸ்நானம் என்றால் அம்மாவுக்கு நல்ல தண்ணீர்தான், சொம்புதான். வேறு மாதிரி அவளுக்குத் தோன்றியே இருக்காது.

பின்னாலிருந்து ஒரு குரல்: "அந்த வாரம் நம்ம பக்கம் நல்ல தண்ணியே உடலீங்களே? நாங்க லாரித் தண்ணில்ல வாங்குனோம்."

முணுமுணுப்பு. பெ. எழுந்தார். "அம்முணி, கர்த்தர் சமுகத்துல நின்னுட்டுச் சொல்லு. அன்னிக்கு நீ ஊட்டுக்கு வந்தியா, இல்லியா?"

அம்மா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

எழுந்துவிட்டேன். "உப்புத் தண்ணிங்க. டிரம்முல இருந்து மக்குல மொண்டது. நாந்தான் ஊத்துனேன்."

ஆண்கள் பக்கம் சிரிப்பு. "அப்ப அடுத்த வாரம் திருவிருந்தும் பாப்பாவே குடுத்துருமாட்ட இருக்குது!" மறுபடி சிரிப்பு. மக்கு என்று யாரோ சொல்லி இன்னொரு தடவை சிரித்தார்கள்.

பெ.க்கு முகம் தெளிந்துவிட்டது. கோபமே இல்லை, அதுதான் பயங்கரம். "அப்படிச் சொல்லு சாமி! இத மொதல்லயே சொல்லியிருந்தா இத்தன பேச்சு எதுக்கு? சின்னப்புள்ள, பயத்துல பண்ணீருச்சு. அது ஞானஸ்நானமே கெடையாது. தாய்ப் பாசத்துல எஸ்தரு மறைச்சிருக்குது, போகுது. அது மேல கொறை இல்ல. உபதேசியாராப் போட்டுரலாம். என்ன சொல்றீங்க, கையத் தூக்குங்க."

கைகள் ஏறின. நிஜமாகவே ஏறின. ஆண்கள் கைகள். அம்மா இவ்வளவு நாள் காத்திருந்தது.

"கையக் கீழ போடுங்க," என்றாள் அம்மா.

எல்லோரும் அப்படியே.

"பொய் சொன்னதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கறேனுங்க. அது என்ற பாவம். தண்ணிக்குக் கேக்க மாட்டேன். பாஸ்டரய்யா, எந்த விசுவாசியும் குடுக்கலாம்னு நீங்கதானுங்க இவளுக்குச் சொல்லிக் குடுத்தீங்க. ஆம்பளதான்னு சொன்னீங்களா? இத்தன வயசுன்னு சொன்னீங்களா?"

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இல்லம்மா. சொல்லல."

"அப்ப என்ற மக குடுத்தது ஞானஸ்நானம்னு பதிவேட்டுல எழுதுங்க. அப்புறம் எனக்குக் கையத் தூக்கட்டும்."

போதகர் பெ.வைப் பார்த்தார். பெ. ஜன்னலைப் பார்த்தார். "மேலிடத்துல எழுதிக் கேட்டுடறேன்மா," என்றார் போதகர். "அதுவரைக்கும் நிறுத்தி வைப்போம்." அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னார். என் தேர்வுத் தாளைத் திருத்தியவர் அவர்.

"அப்ப எனக்கும் வேண்டாமுங்க. இவ குடுத்தது செல்லாதுன்னா, நான் எந்த வாயில அங்க நின்னு பேசறது?"

பாயில் வந்து உட்கார்ந்தாள், என் பக்கத்தில். பெண்களில் ஒருத்தி அம்மாவின் முதுகில் கை வைத்தாள், யாரென்று திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து ஆராதனைக்கு வெள்ளகோவில் தம்பி.

கறிச்சோறு சாப்பிடாமல் வந்துவிட்டோம். வீட்டில் உப்புமா. அப்பா அம்மாவுக்குத் தட்டு எடுத்து வைத்தார்.

நான் சொல்லியும் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை, ரூத்துக்கும் இல்லை. நான் எழாமலே இருந்திருந்தால்? அப்போது பொய்க்காரி என்று மட்டும் ஆகியிருப்பாள். தெரியவில்லை. தலை வலிக்கிறது.

ஜூலை 28, திங்கள்

மேகமூட்டம். மழை இல்லை, தூறல் கூட இல்லை. ஸ்கூலில் ஒருத்தி "ஏய் பாஸ்டரம்மா" என்றாள். அதற்குள் எப்படித் தெரிந்தது? அக்கவுண்டன்சி நூற்றுக்கு முப்பத்தெட்டு. அப்பா கையெழுத்து வேண்டும்.

சாயங்காலம் அப்பா சாக்கில் சுற்றி எதையோ கொண்டுவந்து சுவரோரம் சாய்த்தார். சிலுவை. பதிவேட்டில் இல்லாத பேர் தோட்டத்தில் இருக்கக் கூடாதென்று காலையில் பெ. பிடுங்க வைத்துவிட்டாராம். குழியைத் தொடவில்லையாம், அதுவரைக்கும் பெருந்தன்மை. "குப்பையில போடறதுக்குள்ள வாங்கியாந்துட்டேன்," என்றார் அப்பா. அப்புறம் தூத்துக்குடி லோடு, போய்விட்டார். சாக்கு விலகி ரூவன்னா மட்டும் தெரிகிறது. பெயிண்ட் உரிந்திருக்கிறது.

அம்மாவுக்கு நைட். ஷிப்மென்ட் அவசரமாம். டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டே சொன்னாள்: "சுனிதாவுக்குக் காச்சல் உட்ருச்சு. இன்னிக்குத் தோட்டத்துக்குப் போவா. பாத்துட்டு இங்கதான் வருவா."

"நீ இருந்து சொல்லும்மா. எனக்குப் பயமா இருக்குது."

"நாஞ் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றாப்பல இருக்கும். குடுத்தவ நீ. நீதான் சொல்லோணும்."

"என்னன்னு சொல்றது?"

"ஊத்தறப்ப யாரக் கேட்டுட்டு ஊத்துன?"

யாரையும் கேட்கவில்லை என்றேன். கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. என் நெற்றியில் கட்டை விரலால் சிலுவை போட்டாள், சின்ன வயதில் போடுவது போல. அவளுக்கும் பயம்தான். போய்விட்டாள்.

அதிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆயிருச்சு அக்கா. ரூத்துதான். அவங்க எழுதலைன்னாலும் ஆயிருச்சு. சத்தமாகச் சொன்னால் பொய் மாதிரி கேட்கிறது. மனசுக்குள் சொன்னால் உண்மை மாதிரி இருக்கிறது. எனக்கே நிச்சயம் உண்டா? போதகருக்கே எழுதிக் கேட்க வேண்டியிருக்கிறதே. மேலிடத்திலிருந்து இல்லை என்று வந்தால், இப்போது நான் உண்டு என்று சொன்னது என்னவாகும்?

ஆனால் பிள்ளை கண்ணைச் சுருக்கியது. அதை நான் மட்டும்தான் பார்த்தேன். மேலிடம் பார்க்கவில்லை.

சாக்கை இழுத்து மூடினேன். மறுபடி எடுத்துவிட்டேன். அவளுடைய பிள்ளை பேர், அவள் பார்க்கட்டும்.

யாரோ தட்டுகிறார்கள்.

பேச்சியக்கா தட்ட மாட்டாள், பேர் சொல்லிக் கத்துவாள். லைட்டை அணைத்தால் தூங்கிவிட்டேன் என்று சுனிதா அக்கா போய்விடுவாள். நாளைக்கு அம்மா இருப்பாள்.

மறுபடி. மெதுவாக. "ஜெனி. கதவு தொற. ஜெனி, என் பாப்பா பேர் எங்க போச்சு?"

வருகிறேன் அக்கா என்று சொல்லிவிட்டேன், சத்தமாக. இனிமேல் தூங்குவதாக நடிக்க முடியாது.